ஒலி எழுப்பவும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு வரும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு ஒலி எழுப்பச் சொல்கிறார்கள், நம் பஸ் டிரைவர்களும் அதை மனப்பூர்வமாகச் செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு "நான் ஹார்ன் வாசிக்கிறேன்" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று நினைக்கிறீர்கள்? "எந்த வண்டியில?" என்பதுதான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் தொடங்கி இன்றுவரை இதே கேள்விதான். முதலில் கோபம் வந்தது. இப்போது நானும் சேர்ந்து சிரித்துவிடுகிறேன். ஏனென்றால் கேள்வி அவ்வளவு தப்பில்லை. வண்டி ஹார்னும் என் ஹார்னும் ஒரு வகையில் பங்காளிகள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் வாசிப்பது பிரெஞ்சு ஹார்ன். நத்தை ஓடு மாதிரி சுருண்ட பித்தளைக் குழாய், ஒரு முனையில் சின்ன மவுத்பீஸ், மறுமுனையில் ஊமத்தம்பூ மாதிரி விரிந்த வாய். இடது கை விரல்கள் வால்வுகளை அழுத்தும். வலது கை அந்த விரிந்த வாய்க்குள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். (பார்ப்பவர்கள், "உள்ள என்னம்மா தேடற?" என்று கேட்பார்கள்.) சுருளைப் பிரித்து நீட்டினால் ஒரு எஃப் ஹார்னின் குழாய் சுமார் 12 அடி வரும். ட்ரம்பெட்டுக்கு நாலரை அடிதான். இன்னொரு விஷயம், 'பிரெஞ்சு' என்பது ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இன்று நாம் பார்க்கும் வால்வு வைத்த ஹார்ன் பெரும்பாலும் ஜெர்மானியர்களின் வேலை. சர்வதேச ஹார்ன் சங்கமே 1971இல் 'பிரெஞ்சு' வேண்டாம், வெறும் 'ஹார்ன்' போதும் என்று பரிந்துரை செய்தது. ஏற்காட்டில் அந்தப் பரிந்துரையைக் கடைப்பிடித்தால் என் நிலைமை இன்னும் மோசமாகும் என்பதால் நான் 'பிரெஞ்சு' என்பதை விடுவதாக இல்லை.

நாங்கள் ஐந்து பேர். இரண்டு ட்ரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு ட்ராம்போன், ஒரு யூஃபோனியம். உலகத்தில் 'பிராஸ் குவின்டெட்' என்று சொல்லும் அமைப்பில் கடைசி இடம் ட்யூபாவுக்கு. ட்யூபா எங்களுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் மலைப் பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். முதல் ட்ரம்பெட் அண்ணன் பேக்கரி வைத்திருக்கிறார். இரண்டாவது ட்ரம்பெட் பிளஸ் டூ படிக்கும் தம்பி. ட்ராம்போன் சார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார். யூஃபோனியம் அண்ணன் மட்டும்தான் தொழில்முறை ஆள். சேலத்தில் கல்யாண பேண்டு வாத்தியக் குழுவில் இருக்கிறார்.

அதனால் எங்கள் பயிற்சியின் காலண்டரைத் தீர்மானிப்பது பஞ்சாங்கம்! முகூர்த்த நாள் என்றால் பயிற்சி கிடையாது. அவருக்கு அன்றைக்குச் சம்பளம், எங்களுக்கு அது பொழுதுபோக்கு. ஐந்து பேரில் ஒருவருடைய சோற்றுக்கு வழிவிட்டுத்தான் மற்ற நாலு பேரின் ஆசை நடக்க முடியும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது என்பதால் அந்த இரண்டு மாதமும் எங்களுக்குக் கொண்டாட்டம். மேற்கத்திய செவ்வியல் இசையை ஆடி மாதத்தை எதிர்பார்த்துக் கற்றுக்கொள்ளும் குழு உலகத்தில் நாங்கள் மட்டும்தானோ என்னவோ.

சரி, பங்காளிக் கதைக்கு வருகிறேன்.

ஹார்ன் முதலில் கச்சேரிக்காகப் பிறந்ததில்லை. காட்டில் வேட்டைக்குப் போனவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத தூரத்திலிருந்து சேதி சொல்ல ஊதியது. தபால் வண்டி ஊருக்குள் நுழையும்போது ஊதியது இன்னொரு ஹார்ன். 'வழி விடு, நான் வருகிறேன்' என்பதுதான் அதன் முதல் பாட்டு. ஆக, கொண்டை ஊசி வளைவில் பஸ் டிரைவர் செய்வதும் அதேதான். கண்ணுக்குத் தெரியாத ஆளுக்குக் காது வழியாகச் சேதி.

மலையும் கொம்பும் சேர்ந்தே இருப்பது ஐரோப்பாவில் மட்டுமில்லை. நம்முடைய பத்துப்பாட்டில் ஒன்று மலைபடுகடாம். நன்னனைப் பார்க்க மலை வழியே போகும் கூத்தர்கள் எந்தெந்த வாத்தியங்களைச் சுமந்துகொண்டு போனார்கள் என்று அதில் ஒரு பட்டியல் வருகிறது. அதில் மயிற்பீலி கட்டிய கொம்பு உண்டு, யானை பெருமூச்சு விடுவது போல ஒலிக்கும் தூம்பு உண்டு. நன்னனின் ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். எங்கள் சேர்வராயன் மலையிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம்தான். அந்தக் கொம்பின் வம்சம் இன்னும் அறுந்துவிடவில்லை. நம் கோயில் திருவிழாக்களில் வளைந்த கொம்பை வானத்தைப் பார்த்துத் தூக்கி ஊதுகிறார்களே, பார்த்திருப்பீர்கள். அதிலும் வால்வு இல்லை, துளை இல்லை. உதடும் மூச்சும்தான்.

வால்வே இல்லாத ஒரு குழாயில் எப்படிப் பல சுரங்கள் வரும்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழாயில் உதட்டை அதிரவிட்டு ஊதினால் அந்த நீளத்துக்கு உரிய சுரங்கள் மட்டுமே வரும். அடிப்படைச் சுரத்தின் அதிர்வெண்ணை 1 என்று வைத்தால் மற்றவை 2, 3, 4, 5 என்று முழு எண் மடங்குகள். நம் சுரங்களில் சொன்னால் 1 ச, 2 மேல் ச, 3 ப, 4 ச, 5 க, 6 ப. கீழே இருக்கும்போது சுரங்களுக்கு நடுவில் பெரிய இடைவெளி. ராணுவ பியூகிள் ச, க, ப மூன்றையே சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான். 8க்கு மேலே போகும்போது படிகள் நெருங்கிவிடும்: ச, ரி, க, அப்புறம்... 11. இந்த 11ஆவது சுரம் ஒரு வேடிக்கையான ஆசாமி. சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் ஏறத்தாழ நடுவில் நிற்கிறது. அதாவது சங்கராபரணமா கல்யாணியா என்று முடிவு செய்யாமல் வாசலிலேயே நிற்கிறது! 7ஆவது சுரமும் அப்படித்தான், கைசிகி நிஷாதத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து இருக்கும்.

ட்ரம்பெட் பெரும்பாலும் 2 முதல் 8 வரை உள்ள படிகளில் நடமாடுகிறது. ஹார்னின் குழாய் நீளமாக இருப்பதால் அதன் நடமாட்டம் மேலே, படிகள் நெருங்கிய இடத்தில். உதடு மயிரிழை மாறினால் பக்கத்துப் படியில் கால் வைத்துவிடும். பித்தளை வாத்தியங்களிலேயே ஹார்ன் கடினம் என்று சொல்வதற்கு இதுதான் காரணம். வலது கையை வாய்க்குள் விடுவதன் ரகசியமும் இதில்தான் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் டிரெஸ்டனில் இருந்த ஹாம்பல் என்ற கலைஞர் இந்தக் கை வித்தையை ஒழுங்குபடுத்தியவர் என்று சொல்வார்கள். கையால் வாயைக் கொஞ்சம் மூடியும் திறந்தும் அந்த ரெண்டுங்கெட்டான் சுரங்களை இழுத்து வழிக்குக் கொண்டுவரலாம், இல்லாத சுரங்களையும் உண்டாக்கலாம். வால்வு வந்தது அதற்கும் அப்புறம், 1814க்கும் 1818க்கும் நடுவில், ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இரண்டு ஜெர்மானியர்களின் முயற்சியில். வால்வு வந்த பிறகும் கை உள்ளேயே தங்கிவிட்டது. அந்தக் கை இல்லாவிட்டால் ஹார்னின் அந்த மூடுபனிக் குரல் வராது.

மூடுபனி என்றதும் ஏற்காடு. எங்கள் ஊர் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. "மலை மேல காத்து கம்மி, அதான் சுருதி இறங்குது" என்று ட்ராம்போன் சார் சொல்வார். அது சரியில்லை. ஒலியின் வேகத்தை மாற்றுவது உயரம் இல்லை, வெப்பநிலை. 30 டிகிரியில் ஒலி விநாடிக்கு சுமார் 349 மீட்டர் போகிறது, 15 டிகிரியில் சுமார் 340 மீட்டர்தான். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அரை சுரத்தில் பாதி அளவு சுருதி இறங்க வேண்டும். நம் மூச்சு குழாயைச் சூடாக்குவதால் நடைமுறையில் அவ்வளவு இறங்குவதில்லை. ஆனால் நாலரை அடி ட்ரம்பெட் சீக்கிரம் சூடாகிவிடும், என்னுடைய 12 அடி மெதுவாகத்தான் சூடாகும். அதனால் மார்கழி மாலைகளில் மற்றவர்கள் சேர்ந்து நிற்கும்போது நான் மட்டும் கீழே நிற்பேன். பத்து நிமிஷம் சும்மா காற்றை ஊதி வாத்தியத்தை 'எழுப்பிய' பிறகுதான் பாட்டு. மூச்சின் ஈரம் உள்ளே குளிர்ந்து தண்ணீராகச் சேரும் வேறு. வாத்தியத்தை அப்படியும் இப்படியும் திருப்பித் திருப்பி வடிக்க வேண்டும். அது எச்சில் இல்லை, பெரும்பாலும் மூச்சின் ஈரம்தான் என்று இந்த இடத்தில் பதிவு செய்துகொள்கிறேன். வீட்டில் யாரும் நம்புவதில்லை.

பயிற்சி நடப்பது என் பெரியப்பாவின் காபி குடோனில். இந்த மலையில் காபி வந்து இருநூறு வருஷம் ஆகிவிட்டது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்தது. காபிப் பழம் பறித்துக் காயவைத்து மூட்டை கட்டி அடுக்கும் மாதங்களில் என் ஹார்ன் காணாமல் போய்விடும். காரணம் எளிது. மற்ற நாலு வாத்தியங்களின் வாயும் முன்பக்கமோ மேலேயோ பார்க்கிறது, ஹார்னின் வாய் பின்னால் பார்க்கிறது. ஹார்ன் சத்தம் பின்சுவரில் பட்டுத் திரும்பித்தான் கேட்பவரிடம் வரும். எனக்குப் பின்னால் சணல் சாக்கு மூட்டை அடுக்கியிருந்தால் அது அப்படியே விழுங்கிவிடும். காபி விலை ஏறும் என்று பெரியப்பா மூட்டைகளைப் பிடித்து வைத்திருக்கும் வருஷங்களில் எனக்குக் கஷ்ட காலம். மூட்டைகள் விற்றுப்போன மறுநாள் குடோன் கோயில் மண்டபம் மாதிரி முழங்கும். சந்தை நிலவரம் ஒரு வாத்தியத்தின் ஒலியளவைப் பாதிக்கும் என்று எங்கள் பொருளாதாரப் பாடத்தில் எங்கும் போடவில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்தவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ராணுவ பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். மத்தியப் பிரதேசத்தில் பச்மரி என்று ஒரு மலை ஊர் இருக்கிறது, அங்கே 1950 முதல் ராணுவத்தின் இசைப் பயிற்சிப் பிரிவு இயங்குகிறது. அங்கே படித்து, பல ஊர்களில் வாசித்து, கடைசியில் மனைவியின் ஊரான ஏற்காட்டில் வந்து தங்கியவர். எட்டாம் வகுப்பு விடுமுறையில் அவர் வீட்டுக்குப் பால் கொடுக்கப் போனபோது இந்தச் சத்தத்தைக் கேட்டேன். "என்ன கண்ணு, யானை கத்தறாப்ல இருக்கா?" என்றார். இல்லை, பக்கத்து மலையிலிருந்து யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அந்த ஒரு பதிலுக்காகத்தான் சேர்த்துக்கொண்டேன் என்று பிறகு சொன்னார்.

அவர் முதல் மூன்று மாதம் பாட்டே சொல்லித்தரவில்லை. மவுத்பீஸ் மட்டும். அப்புறம் ஆறு மாதம் எதிர்த்தட்டு மட்டும். அணிவகுப்பு மார்ச்சில் ட்யூபா 'உம்' என்றால் ஹார்ன் 'சக்' என்ன வேண்டும். உம்-சக், உம்-சக். மணிக்கணக்கில் 'சக்'. "இது ரொம்ப போர் மாஸ்டர்" என்றால், "நீ நிறுத்திப் பாரு கண்ணு, நூறு பேரு கால் தப்பும்" என்பார்.

ஐவர் குழுவிலும் ஹார்னின் வேலை பெரும்பாலும் அதுதான். மேலே ட்ரம்பெட் பாடும், கீழே யூஃபோனியம் தாங்கும், ஹார்ன் நடுவில் இருக்கும். கேட்பவர்கள் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுப்பது ட்ரம்பெட்டின் மெட்டை. ஹார்ன் என்ன வாசித்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒரு முறை செமஸ்டர் பரீட்சைக்காக நான் வராதபோது நாலு பேரும் வாசித்துப் பார்த்திருக்கிறார்கள். வெளியே நின்று கேட்ட பெரியம்மாவுக்கு வித்தியாசமே தெரியவில்லை. உள்ளே வாசித்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டார்களாம். "வீட்டுக்கு நடுச்சுவரை எடுத்துட்ட மாதிரி இருந்துச்சும்மா" என்றார் யூஃபோனியம் அண்ணன். கேட்பவருக்குத் தெரியாது, கூட வாசிப்பவருக்குத் தெரியும். எனக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது இதுதான்.

என்ன வாசிக்கிறோம் என்று சொல்லவில்லையே. எங்கள் பட்டியலில் முதல் உருப்படி முத்துசுவாமி தீட்சிதர்! நம்ப முடியாவிட்டால் கேளுங்கள். தீட்சிதர் (1775–1835) இளமையில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களே, அவைதான். சுமார் 40 இருக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' என்பதன் மெட்டு பிரிட்டிஷ் ராஜ வாழ்த்துப் பாட்டின் மெட்டேதான். எல்லாம் சங்கராபரணத்தில், கமகம் இல்லாமல். அவருடைய தம்பி பாலுஸ்வாமி வயலின் கற்றுக்கொண்டதும் அந்தக் காலத்து ஐரோப்பிய இசைக்காரர்களிடம்தான். அதே காலத்தில் தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார்.

'சக்தி சஹித கணபதிம்' என்ற நோட்டுஸ்வரத்தை ஐந்து பித்தளை வாத்தியங்களுக்குப் பிரித்து நான் எழுதினேன். கோட்டையில் பித்தளைக் குழாயிலிருந்து கிளம்பி, பாட்டாகி, வீணைக்கும் வயலினுக்கும் போய், இருநூறு வருஷம் கழித்து மறுபடி பித்தளைக்குள் வந்திருக்கிறது. எழுதும்போது ஒரு சின்னச் சிக்கல். எஃப் ஹார்னுக்கு ச என்று எழுதினால் எஃப்தான் ஒலிக்கும், நம்மூர்க் கணக்கில் நாலு கட்டை. ட்ரம்பெட்டுக்கு அதே ச ஆறரைக் கட்டை. மேல்நாட்டு மாணவர்கள் இதைப் புரிந்துகொள்ள மண்டையை உடைத்துக்கொள்வார்களாம். ஆளுக்கொரு சுருதியில் பாடிப் பழகிய நமக்கு இதில் என்ன ஆச்சரியம்?

மீதிப் பட்டியலில் ஒரு ருஷ்யர் இருக்கிறார், விக்டர் எவால்ட் (1860–1935). பிராஸ் குவின்டெட் வாசிக்கிற எல்லோரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறவர். அவருடைய தொழில் என்ன தெரியுமா? செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சிவில் என்ஜினீயரிங் பேராசிரியர், கட்டடப் பொருள்கள் பற்றிப் பாடம் எடுத்தவர். பகலில் சிமெண்டு, செங்கல். மாலையில் நண்பர்களோடு செல்லோ. அதற்கு நடுவில் பித்தளை ஐவருக்காக நான்கு படைப்புகள். நாங்கள் முதலாவதில் ஒரு பகுதியை ஒரு வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறோம். 20 வளைவில் 13ஆவது வளைவு வரை வந்திருப்போம்.

இன்னொருவர் லாய்ட்கெப். மோட்சார்ட்டின் ஹார்ன் படைப்புகளில் பெரும்பாலானவை இவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சால்ஸ்பர்க் இசைக்குழுவில் இருந்தவர், 1777இல் வியன்னா போய் ஒரு சின்ன வீடும் சீஸ் கடை நடத்தும் உரிமையும் வாங்கினார். எப்படி? மோட்சார்ட்டின் அப்பா லியோபோல்டிடம் கடன் வாங்கி. ஐந்து வருஷம் கழித்தும் கடன் அடைபடாமல், அவருக்காகக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மகனே அப்பாவுக்கு எழுத வேண்டியிருந்தது. 1786இல் இவருக்காக எழுதிய கச்சேரியின் கையெழுத்துப் பிரதியில் மோட்சார்ட் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்று நாலு நிற மையில் எழுதியிருக்கிறார். அந்தக் கச்சேரியைக் கேட்டால் வராக்கடன் பட்டியலில் இருந்த ஒருவருக்காக எழுதியது என்று யார் சொல்வார்கள்?

இந்த இரண்டு பேரையும் நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்ள ஒரு காரணம் இருக்கிறது.

ஏப்ரலில் என் பி.காம். முடிகிறது. சென்னையில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. வீட்டுக்கு அந்தச் சம்பளம் தேவை. அதில் விவாதமே இல்லை. பெண்கள் விடுதியில் நாலு பேர் தங்கும் அறையில் ஹார்ன் வாசிக்க முடியாது என்பதிலும் விவாதமில்லை. விவாதம் ஹார்னைப் பற்றித்தான். அது என்னுடையதில்லை, மாஸ்டருடையது. அவருக்கு முன்பற்கள் போய் நாலு வருஷம் ஆகிறது. பல் இல்லாமல் உதடு நிற்காது, அதனால் அவர் வாசிப்பதில்லை. போன மாதம் கூப்பிட்டு, "நீ சென்னைக்கு எடுத்துட்டுப் போயிரு கண்ணு. இங்க இருந்தா நான் போனப்புறம் பசங்க எடைக்குப் போட்டுருவாங்க" என்றார்.

எடைக்கு! வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாத்தியம் இரண்டரை கிலோவுக்குள்தான் வரும். பழைய பித்தளை விலையில் பெருக்கினால் என் ஒரு செமஸ்டர் ஃபீஸ்கூடத் தேறாது. தேய்மானக் கணக்கில் நேர்கோட்டு முறை என்று ஒன்று படிக்கிறோம். வருஷா வருஷம் ஒரே தொகையைக் கழித்துக்கொண்டே வந்து கடைசியில் இறுதி மதிப்பில் நிறுத்திவிடுவது. அந்த முறையில் இந்த ஹார்னின் கதை எப்போதோ முடிந்துவிட்டது. இன்னொன்று, குறைந்து செல் மதிப்பு முறை. மிச்சம் இருப்பதில் ஒரு பங்கை மட்டும் கழிப்பது. அதில் மதிப்பு குறைந்துகொண்டே போகும், ஆனால் எத்தனை வருஷம் ஆனாலும் பூஜ்யம் ஆகாது. முதல் வருஷத்தில் இது எனக்கு வெறும் சூத்திரமாக இருந்தது.

மாஸ்டர் சொன்னபடி எடுத்துக்கொண்டு போய்விடலாம். விடுதிக் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியாக இருக்கும். அது எடைக்குப் போவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பித்தளை வாத்தியத்தை ஊதாமல் வைத்தால் வால்வு இறுகிவிடும், உள்ளே களிம்பு பிடிக்கும். அதைவிட, குடோனில் நாலு பேர் இருக்கிறார்கள். நடுச்சுவர் இல்லாத வீட்டில் அவர்கள் எத்தனை நாள் இருப்பார்கள்? ட்ரம்பெட் ஆள் தேடினால் கிடைப்பார், சேலத்துக் கல்யாண பேண்டுகள் நிறைய ட்ரம்பெட்டுகள் இருக்கின்றன. ஹார்ன் கல்யாண பேண்டில் கிடையாது. ஹார்ன் போனால் இந்த மலையில் அடுத்த ஹார்ன் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரிடம் என் கணக்கைச் சொன்னேன். ஹார்ன் இங்கேயே, குடோனில் இருக்கட்டும். இரண்டாவது ட்ரம்பெட் வாசிக்கும் தம்பிக்கு இப்போதிருந்தே நான் ஹார்ன் சொல்லித்தருகிறேன். நான் மவுத்பீஸை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறேன் (தம்பிக்கு வேறு ஒன்று வாங்கியாகிவிட்டது). மவுத்பீஸில் மட்டும் உதட்டை அதிரவிட்டுப் பயிற்சி செய்யலாம், விடுதி மொட்டை மாடியில் கொசு ரீங்காரம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆடியிலும் மார்கழியிலும் சனி ஞாயிறு சேர்ந்து வரும்போது மலையேறி வருவேன். கட்டடப் பொருள் வாத்தியார் செய்ததும் இதுதானே?

மாஸ்டர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவருடைய வாத்தியத்தை இன்னொருவர் கையில் கொடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கும் தெரியும். பிறகு உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். வால்வுக்குக் கட்டும் நூல், எண்ணெய், ஒரு சின்ன திருப்புளி. "பையனுக்கு முதல்ல நூல் கட்டச் சொல்லிக்குடு. பாட்டு அப்புறம்" என்றார். ஹார்னின் சுழல் வால்வுகள் ஒரு மெல்லிய நூலால்தான் இழுக்கப்படுகின்றன. அறுந்தால் அந்த நிமிஷமே வாத்தியம் ஊமை. நாங்கள் நூல் தீர்ந்தபோது ஏரிக்கரைக் கடையில் தூண்டில் நரம்பு வாங்கிக் கட்டியிருக்கிறோம், நன்றாகவே உழைக்கிறது.

தம்பி நேற்று முதல் பாடம் எடுத்துக்கொண்டான். ட்ரம்பெட் உதட்டை ஹார்ன் உதடாக மாற்றுவது லேசில்லை. 8ஆவது படிக்குப் போக நினைத்து 9இலும் 7இலும் மாறி மாறி விழுந்தான். "அக்கா, எனக்கு எப்பக்கா மெட்டு வரும்?" என்று கேட்டான். அதற்கு முன்னால் ஆறு மாதம் 'சக்' இருக்கிறது என்று இன்னும் சொல்லவில்லை. பாவம், பரீட்சை முடியட்டும்.

பிராம்ஸ் என்ற ஜெர்மன் இசைமேதை 1868இல் ஆல்ப்ஸ் மலையில் இடையர்கள் ஊதும் நீளக் கொம்பின் மெட்டைக் கேட்டு, அதை எழுதி கிளாரா ஷூமனுக்குப் பிறந்தநாள் வாழ்த்தாக அனுப்பினார். எட்டு வருஷம் கழித்து, 1876இல், அவருடைய முதல் சிம்பொனியின் கடைசிப் பகுதியில் அதே மெட்டை ஹார்ன் வாசித்தது. ஒரு மலையின் சத்தம் எட்டு வருஷம் ஒருவர் மனதில் காத்திருந்திருக்கிறது. எனக்கு ஆடி வரைக்கும்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தம்பி ஹார்னுக்கு மாறினால் இரண்டாவது ட்ரம்பெட் இடம் காலி. சேலத்திலோ ஏற்காட்டிலோ ட்ரம்பெட் வாசிக்கத் தெரிந்தவர், முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறத் தயாராக இருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். சம்பளம் கிடையாது. பேக்கரி அண்ணன் புண்ணியத்தில் தேங்காய் பன்னும், பெரியம்மா கையால் நல்ல காபியும் உறுதி.